நீர்க் கொள்கையின் அடிக்குறிப்பை எழுதுவது யார்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி முதல் 10-ம் தேதி வரை நீதி ஆயோக் அமைப்பு, மாணவர்களிடமிருந்து உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பங்களைப் பெறுகிறது. வேளாண்மை, கல்வி, சுகாதாரம் என நீளும் துறைப் பட்டியலில் நீர்வளமும் ஒன்று. தேர்வு பெறுவோர் குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம் "இன்டர்ன்" என்ற பெயரில் பணியாற்றலாம். இளநிலை மாணவராயின் பிளஸ் 2 தேர்வில் 85 சதவீத மதிப்பெண் வேண்டும். முதுநிலை மாணவராயின் பட்டப் படிப்பில் 70 சதவீதம். மடிக்கணினியை அவரே கொண்டுவர வேண்டும். உதவித்தொகை கிடையாது.

மாணவர்களின் விடுமுறைக் காலப் பயிற்சியில் அரசியல் பார்வைக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நதிநீர்ப் பங்கீடானாலும், நிலத்தடி நீர்க் கட்டுப்பாடானாலும், குடிநீர்த் திட்ட ஒதுக்கீடானாலும் தில்லியில் முடிவுகள் எண்களை வைத்தே எடுக்கப்படுகின்றன. அந்த எண்களைத் திரட்டி, ஒப்பிட்டு, அடிக்குறிப்பு எழுதி மேலே அனுப்பும் தொடக்கநிலை வேலையில் இந்த இளைஞர்களின் கை இருக்கிறது. அமைச்சர் அவையில் வாசிக்கும் பதிலை அவர்கள் எழுதுவதில்லை. ஆனால், அதிகாரிகளும் உறுப்பினர்களும் செய்தியாளர்களும் எடுத்தாளும் அறிக்கைகள் பலவற்றின் அடித்தளம் இத்தகைய வேலைதான்.

பயிற்சி, வெளியிலிருந்து கருதப்படுவதைப்போல் கவர்ச்சியானது அன்று. பெரும்பகுதி வாசிப்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு, மத்திய நீர் ஆணையம் வாரந்தோறும் வெளியிடும் அணை இருப்பு நிலவரம், நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள், தணிக்கை அறிக்கைகள், மாநில அரசுகள் அனுப்பிய அட்டவணைகள் என்று குவியும் தாள்களைச் சுருக்கித் தர வேண்டும். ஒரு மாநிலம் ஏக்கரில் கணக்கு தரும், இன்னொன்று ஹெக்டேரில் தரும். தென்னிந்தியர் டிஎம்சியில் பேசுவர். தில்லி அறிக்கைகள் பில்லியன் கன மீட்டரில் பேசும். இவற்றை ஓர் அலகுக்குக் கொண்டுவருவதற்கே வாரங்கள் கழியும். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் நீரோட்ட விவரங்கள் இரகசியம் என வகைப்படுத்தப்பட்டவை. பயிற்சி மாணவர் அவற்றின் பக்கம் போக இயலாது. மேற்பார்வை அதிகாரி அக்கறையுள்ளவராக வாய்த்தால் ஒரு கொள்கைக் குறிப்பு எழுதும் வாய்ப்புக் கிடைக்கும். இல்லையேல் அட்டவணையோடு பயிற்சி முடிந்துவிடும்.

அந்த அட்டவணை வேலையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2024-ம் ஆண்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். நாடு 6,746 மதிப்பீட்டு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் 751 அதிநுகர்வுப் பகுதிகள் என வகைப்படுத்தப்பட்டன. ஆண்டுக்கு 245.64 பில்லியன் கன மீட்டர் நீர் எடுக்கப்படுவதாக அறிக்கை கூறுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை தரப்பட்டுள்ள இந்த எண், மீட்டர் வைத்து அளக்கப்பட்டது அன்று. பெரும்பாலும் கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்கிப் பெறும் மதிப்பீடு. கிணறுகளின் எண்ணிக்கைக்குப் பெரிய ஆதாரம் சிறுபாசனக் கணக்கெடுப்பு. 2023-ம் ஆண்டு வெளியான ஆறாவது கணக்கெடுப்போ 2017-18-ம் ஆண்டு நிலவரத்தைக் கூறுவது. இந்த வரலாற்றை அறிந்த மாணவர் அந்த எண்ணை ஒரு விதமாகப் பயன்படுத்துவார். அறியாதவர் அதை அப்படியே எடுத்து ஒட்டுவார்.

21 நகரங்களின் கதை: அடிக்குறிப்பு சரியில்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நீதி ஆயோக்கின் அறிக்கையே சான்று. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் அது வெளியிட்ட ஒருங்கிணைந்த நீர் மேலாண்மைக் குறியீடு, 9 தலைப்புகளில் 28 அளவுகோல்களைக் கொண்டு மாநிலங்களைத் தரவரிசைப்படுத்தியது. அதன் முன்னுரைப் பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது: தில்லி, பெங்களூர், சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட 21 நகரங்களில் 2020-ம் ஆண்டுக்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்பதே அது.

மறு ஆண்டு கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது அந்த வாக்கியம் உலகெங்கும் சென்றது. நாடாளுமன்ற விவாதங்களிலும் இடம் பிடித்தது. பிறகுதான் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் இந்தியச் செய்தியாளர் அதன் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். ஆதாரமாகக் கூறப்பட்ட பன்னாட்டு அமைப்புகள், அப்படியொரு கணிப்பைத் தாங்கள் வெளியிடவில்லை என்றன. 2020-ம் ஆண்டு வந்தது, போனது. 21 நகரங்களிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் தொடர்ந்து இறைத்துக்கொண்டுதான் இருந்தன. இதனால் நீர்த் தட்டுப்பாடு பொய் என்றாகிவிடாது. ஆனால், அடுத்த முறை வரும் மெய்யான எச்சரிக்கையின் நம்பகத்தன்மை குறைந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் யார் என்பது இங்கே முக்கியமன்று. மூலத்தைத் தேடிச் சரிபார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நேரமும் பயிற்சியும் உள்ள ஆள் வேண்டும் என்பதே முக்கியம்.

பழைய புள்ளிவிவரம் ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழகம் காவிரியில் கண்டது. நடுவர் மன்றம் 2007-ம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி கிடைக்க வழி செய்தது. உச்ச நீதிமன்றம் 2018-ம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75 டிஎம்சியில் பெங்களூர் குடிநீருக்காக ஒதுக்கப்பட்டது 4.75 மட்டுமே. எஞ்சிய 10 டிஎம்சி, தமிழகத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தால் கழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆய்வுகளில் காணப்பட்ட 20 டிஎம்சி என்ற அளவே அதற்கு அடிப்படை. டெல்டா விவசாயி இழந்தது ஓர் ஆய்வறிக்கையின் எண்ணால் என்று கூறினால் மிகையாகாது.

ஏரியா, குளமா: 2023-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியான முதலாவது நீர்நிலைக் கணக்கெடுப்பு, நாட்டில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளதாகக் கூறியது. அதன்படி, ஆங்கிலத்தில் "டேங்க்" எனப்படுபவை ஆந்திரத்தில் அதிகம். "லேக்" எனப்படுபவை தமிழகத்தில் அதிகம். நம் பக்கத்து வாசகருக்கு இங்கேயே சந்தேகம் எழும். ஆந்திரத்தின் செருவும் தமிழகத்தின் ஏரியும் கரை கட்டி, மதகு வைத்து, ஆயக்கட்டுக்கு நீர் விடும் ஒரே வகை அமைப்பு. ராமநாதபுரத்தில் அதுவே கண்மாய். எல்லைக்கு அப்பால் ஒரு பெயரும் இப்பால் ஒரு பெயரும் பெற்றதால் இரு மாநிலங்களும் இரு வேறு பட்டியல்களில் முதலிடம் பெற்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலச் சொல்லை மட்டும் அறிந்த மாணவர் இந்த இரண்டையும் இரு வேறு பத்திகளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். மதகைத் திறந்து பார்த்த வீட்டிலிருந்து வந்தவர் நின்று யோசிப்பார். நீர்க் கொள்கைப் பயிற்சிக்கு யார் வருகிறார்கள் என்பது இதனால்தான் சமூக நீதிப் பிரச்சினையாக மட்டும் இல்லாமல் அறிக்கையின் தரம் பற்றிய பிரச்சினையாகவும் ஆகிறது.

இன்றுள்ள விதிகளின்படி யார் வர முடியும்? தில்லியில் வீடு உள்ளவர் வரலாம். அல்லது ஊதியமின்றி மகனையோ மகளையோ இரண்டு மாதம் தலைநகரில் தங்கவைக்கும் வசதி உள்ள குடும்பத்தினர் வரலாம். திருவாரூரிலோ, புந்தேல்கண்டிலோ, மராத்வாடாவிலோ அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு 85 சதவீதத் தடையைத் தாண்டினாலும் வாடகைத் தடை நிற்கிறது. நீர்ப் பற்றாக்குறையை அனுபவத்தில் அறிந்தவர்களே நீர்க் கொள்கை அறையில் குறைவாக இருப்பது தற்செயலன்று.

மத்திய அரசுக்கு இது தெரியாததன்று. 2024-ம் ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம், பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறுவோருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வகுத்தது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பத்தினருக்கும் ஐஐடி, ஐஐஎம் பட்டதாரிகளுக்கும் இடமில்லை என்றது. அந்தத் தொகைக்குத் தில்லியில் கௌரவமான தங்குமிடம் கிடைப்பது அரிது என்றாலும், பயிற்சிக்குப் பணம் தர வேண்டும், வசதி குறைந்தோருக்கு முன்னுரிமை வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் அரசே ஏற்றது. தனியார் நிறுவனத்துக்கு வகுத்த அந்த நெறி அரசின் கொள்கை அலுவலகத்துக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு விளக்கம் இல்லை.

வேடிக்கை ஒன்றும் உண்டு. ஜல் சக்தி அமைச்சகத்தின் நீர்வளத் துறை 2025-ம் ஆண்டு வெளியிட்ட ஓர் அறிவிப்பில், பயிற்சி மாணவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவித்தது. அது இதழியல், மக்கள் தொடர்பு படிப்போருக்கானது. வேலை, துறையின் ஊடக, சமூக ஊடகப் பணிகளுக்கு உதவுவது. ஆக, நீரைப் பற்றி அரசு செய்வதை விளம்பரப்படுத்த ஒரு மதிப்பூதியம் உண்டு. நீரைப் பற்றி அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஆராய நீதி ஆயோக்குக்கு வருபவர் சொந்தச் செலவில் வர வேண்டும்.

நாடாளுமன்றத்தின் பக்கம் நிலைமை சற்று வேறு. பிஆர்எஸ் ஆய்வமைப்பு 2010-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ், இளம் பட்டதாரிகள் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் பணியாற்றுகின்றனர்; உதவித்தொகையும் உண்டு. மசோதாவைப் படித்துக் குறிப்பெடுத்தல், கேள்விகளை வகுத்தல், விவாதத்துக்குத் தரவு தேடுதல் ஆகியவை அவர்கள் வேலை. அணைப் பாதுகாப்பு மசோதா 2021-ம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்தபோது இந்த உதவியின் தேவை தெரிந்தது. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கும் தமிழகத்துக்கு உரியவை, கேரள எல்லைக்குள் இருப்பவை. ஓர் உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் எந்தப் பிரிவு எந்த அணையைத் தொடும் என்று சொல்ல, முன்தினம் யாரேனும் அதைப் படித்திருக்க வேண்டும். "நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது" என்ற வாசகத்துடன் தொடங்கும் அமைச்சகப் பதில்களைத் தாண்டித் துணைக் கேள்வி எழுப்பவும் அதே உழைப்பு வேண்டும். கேட்கத் தெரியாத அவைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை.

அரசுக்கு வெளியே இருந்த வாயில்களும் குறுகி வருகின்றன. நீர்க் கொள்கை ஆய்வில் பெயர் பெற்ற கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நிதி உரிமம் 2024-ம் ஆண்டு ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. 1987-ம் ஆண்டின் முதலாவது தேசிய நீர்க் கொள்கையை வகுத்த நீர்வளச் செயலர் ராமசாமி ஐயர், ஓய்வுக்குப் பின் எழுதிவந்தது அங்கிருந்துதான். அவர் பொறியாளர் அல்லர். கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்து வந்தவர். நீர் நிர்வாகத்தில் பொறியாளர்கள் மட்டுமே நிறைந்திருப்பதை, அவருக்குப் பின் 2016-ம் ஆண்டு மிஹிர் ஷா குழுவும் சுட்டிக்காட்டியது. மத்திய நீர் ஆணையத்தையும் நிலத்தடி நீர் வாரியத்தையும் இணைத்து, சமூக அறிவியல், சூழலியல், வேளாண்மை அறிந்தோரையும் சேர்த்துத் தேசிய நீர் ஆணையம் அமைக்கப் பரிந்துரைத்தது. இவ்விரு அமைப்புகளிலும் எதிர்ப்புக் கிளம்பியது.

அமைப்பை மாற்றுவது கடினம் என்றால் பயிற்சியை மாற்றுவது எளிது. எல்லாரும் தில்லிக்கு வரவேண்டியதும் இல்லை. நீர் ஆணையத்தின் காவிரி மற்றும் தென்னக நதிகள் பிரிவு கோவையில் உள்ளது. நிலத்தடி நீர் வாரியத்துக்குச் சென்னை உள்பட நாடெங்கும் மண்டல அலுவலகங்கள் உள்ளன. பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் இரண்டு வாரம், மண்டல அலுவலகத்தில் ஆறு வாரம், மாதம் ஒரு நியாயமான தொகை, உள்ளூர் மொழி அறிந்தோருக்கு முன்னுரிமை என்று திட்டம் வகுத்தால் ஆகும் செலவு, அமைச்சகத்தின் பட்ஜெட்டில் தேடினாலும் கண்ணில் படாத அளவாகவே இருக்கும்.

நீர்வளத்துக்கான நிலைக்குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் இடம்பெறுகின்றனர். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அக்குழு துறையின் மானியக் கோரிக்கையைப் பரிசீலிக்கிறது. பயிற்சி மாணவர் எத்தனை பேர், எந்தெந்த மாவட்டத்தினர், அவர்களுக்கு எவ்வளவு தரப்பட்டது என்று அவர்களில் ஒருவர் கேட்டால், துறை எழுத்தில் பதில் தர வேண்டும். அதைக் குழு பரிந்துரையாக்கினால், மூன்று மாதத்துக்குள் அதன் மீதான நடவடிக்கையையும் தெரிவிக்க வேண்டும்.