முழங்கால் தண்ணீரும் குடிதண்ணீரும்

2021 நவம்பரில் பசிபிக் தீவு நாடான துவாலுவின் அமைச்சர் சைமன் கோஃபே முழங்காலளவு கடல்நீரில் நின்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்காகப் பேசினார். அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பத்திரிகைகள் ஓயாமல் எழுதிவருவது ‘மூழ்கும் தீவுகளின் காலநிலை அகதிகள்’ என்ற வாசகத்தை. 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சுவோரையே அகதி என்கிறது. கடலேற்றம் அதில் இல்லை. சட்டத்தைத் திருத்தலாம். ஆனால் அகதி என்பதைவிட மூழ்குதல் என்ற சொல்தான் பெருங்கேடு செய்கிறது.

இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தெற்குத் தராவாவில் வாழ்ந்த ஒருவர் நியூசிலாந்தில் தஞ்சம் கேட்டார். 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 2020 ஜனவரியில் வெளியான முடிவு, தீவு வாழத் தகாததாக இன்னும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் கிரிபாட்டி அரசு ஏதேனும் செய்ய முடியும் என்றது. ‘மூழ்கும்’ என்று எதிர்காலத்தில் பேசினால் கிடைக்கும் பதில் இதுதான்: மூழ்கட்டும், பிறகு வாருங்கள். இதைவிட முக்கியமானது, நன்னீர் கிடைக்கவில்லை, போதவில்லை, பாதுகாப்பாக இல்லை என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்று குழு சொன்னது. குடிக்கக் கிடைக்கும் நீர் வேறு, பாதுகாப்பான நீர் வேறு என்று குழு உறுப்பினர் ஒருவர் மாறுபட்டு எழுதினார். அவர் பக்கமே நியாயம். கடல்மட்டத்தை அளந்த உலகம், கிணற்று உப்பைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்திருந்தால் அந்த மனிதருக்குக் கைகொடுத்திருக்கும்.

துவாலுவின் நிலப்பரப்பு 1971க்கும் 2014க்கும் இடையே 2.9 விழுக்காடு கூடியதாக ஆய்வாளர் பால் கென்ச்சின் குழு 2018இல் காட்டியது. அப்படியானால் ஆபத்தே இல்லை என்பவர்களும் மூழ்குவதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். பவளத் துண்டுகளும் மணலும் ஒதுங்கி ஒரு கரை நீளலாம். அதே தீவில் நிலத்தடி நன்னீர்ப் படலத்தைத் தொடும்படி தோண்டிய புலாக்காச் சேம்புக் குழி உப்பேறிப் பாழாகலாம். 2011இல் துவாலு நெருக்கடிநிலை அறிவித்தது வெள்ளத்தால் அன்று, வறட்சியால்.

ஆஸ்திரேலியா ஆண்டுக்கு துவாலு மக்கள் 280 பேருக்குத் தரும் விசாவுக்கு 2025இல் அந்நாட்டு மக்கள்தொகையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பதிந்தார்களே, அவர்கள் நாட்டைவிட்டுப் போகத்தானே நினைக்கிறார்கள் என்று கேட்கலாம். அந்த விசா போகவும் வரவும் இடம் தருகிறது. படிப்புக்கும் கூலிக்கும் அவர்கள் நியூசிலாந்து போவதும் புதிதல்ல. பெயர் பதிந்தவர்கள் நாட்டைக் கைவிட்டவர்கள் அல்லர். நிலம் போனாலும் நாடு நிலைக்கும் என்று 2023இல் அரசமைப்பில் எழுதிக்கொண்டதும் இதே மக்கள்தான்.

பாப்புவா நியூ கினியின் கார்டரெட் தீவு மூத்தோர் 2006இல் தொடங்கிய டுலேலே பெய்சா அமைப்பின் பெயருக்கு, அலைகளில் நாமே பாய் விரித்துச் செல்வோம் என்று பொருள். கடல் அடுப்படிக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. சேம்புக் குழிகள் உப்பேறிய நிலையில், பூகன்வில் பெருந்தீவின் டின்புட்ஸில் கொக்கோவும் கிழங்கும் வைக்க நிலம் தேடிப் போனார்கள்.