எந்தக் கால் காலி?

எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழே தினமும் காலை ஆறரைக்குத் தாய் சி சொல்லித்தரும் சீன ஆன்ட்டி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எந்தக் கால் காலி?"

இளவயதில் கராத்தே பழகியவன் நான். இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றி நிற்பதுதான் பலம் என்று நம்பியிருந்தேன். அப்படி நிற்கும்போதெல்லாம் ஆன்ட்டி என் தோளில் இரண்டு விரல் வைத்துத் தள்ளுவார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. தடுமாறுவது நான்தான்.

தாய் சி முதியோர் உடற்பயிற்சியாக மட்டும் பிறந்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்தின் சென் குடும்பக் கிராமத்தில் வேரூன்றிய சண்டைக் கலை அது. பாரம் இரு கால்களிலும் சமமாக இருப்பதை அதில் 'இரட்டைப் பாரம்' என்று குறை சொல்வார்கள். அப்படி நிற்பவரால் சட்டென்று நகர முடியாது. தாய் சி ஆசான் யாங் செங்ஃபு வகுத்த பத்து அடிப்படைகளில், நிறைந்ததையும் வெறுமையானதையும் பிரித்தறிவதும் ஒன்று. காலியான கால் சும்மா இருக்கும் கால் அல்ல. உதைக்கவும் அடுத்த அடி வைக்கவும் அதனால்தான் முடியும்.

இந்த வெறுமைக்கும் நிறைவுக்கும் பின்னால் இருப்பது யின், யாங் என்ற சீனக் கருத்து. யின் என்பது முதலில் மலையின் நிழல் பக்கத்தையும், யாங் என்பது வெயில் பக்கத்தையும் குறித்த சொற்கள். பொழுது நகர நகர நிழலும் வெயிலும் இடம் மாறும். சமநிலை என்றால் எந்நேரமும் பாதிக்குப் பாதி என்று நாம் நினைப்பது தவறு. முழுதாக ஒன்றில் இருந்து, பிறகு முழுதாக மற்றொன்றுக்கு மாறுவதே சமநிலை.

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, மகள் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாரித்ததைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டியபடியே மேலதிகாரியின் செய்திக்குப் பதில் அனுப்பினேன். அனுப்பிய கணக்கில் பிழை இருந்தது. மகள் சொன்னதில் ஒரு வரிகூட நினைவில்லை. இரட்டைப் பாரம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வேலையை வீட்டுக்குள்ளும் சுமப்பது என் ஒருவனின் பலவீனம் மட்டுமல்ல என்பதால்தான் சட்டங்கள் வந்திருக்கின்றன. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் அது 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. ஓய்வெடுப்பவனைச் சோம்பேறி என்று பார்க்கும் நம் மனப்போக்கும் மாற வேண்டும். இரவில் காலியாகாத மனம் காலையில் எதைக் கொண்டு அடியெடுத்து வைக்கும்?

இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியைக் காலணி அலமாரியில் வைத்துவிடுகிறேன். என் கீழ் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் அவர்களுக்கு நான் செய்தி அனுப்புவதில்லை. மேலதிகாரிகளே, இதைச் செய்ய எந்தச் சட்டத்துக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.