நம்மவன் யார்?

களத்திலே வென்றவனை உலகம் தோளில் தூக்கிக் கொண்டாடும். அதே மனிதன் பயிற்றுவிப்பாளனாகித் தோற்றானாயின், அவனுடைய பழைய வெற்றிகளையும் சேர்த்தே மறந்துவிடும். யப்பானிய றக்பி வீரர் செய்ஜி ஹிராவோவின் வாழ்வை எண்ணுந்தோறும், இத்தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பது எனக்குப் புலனாகிறது.

1963இல் கியோட்டோ நகரிற் பிறந்தவர் ஹிராவோ. கோபே உருக்காலைக் கழகம் தொடர்ந்து ஏழாண்டுகள் தேசிய வாகை சூடிய காலத்தில் அதன் தூணாக விளங்கினார். 1991ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், அவர் தலைமையிலே யப்பான் சிம்பாப்வேயை 52க்கு 8 என வென்றது. அவ்வரங்கில் அந்நாடு கண்ட முதல் வெற்றி அதுவே. நான்கு ஆண்டுகளின் பின் நியூசிலாந்திடம் 145க்கு 17 எனத் தோற்று யப்பான் தலைகுனிந்தது. தேசிய அணியைப் பயிற்றும் பொறுப்பு 1997இல் ஹிராவோவிடம் வந்து சேர்ந்தது.

அணியின் தலைமையை, நியூசிலாந்திற் பிறந்த அன்ட்ரூ மக்கோமிக்கிடம் அவர் ஒப்படைத்தார். பிறநாட்டிற் பிறந்தோர் முன்னரும் யப்பானுக்காக ஆடியதுண்டு, தலைவரானதில்லை. 1995இல் நியூசிலாந்துக்காக ஆடிய ஜேமி ஜோசப், கிரேம் பாச்சப் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே யப்பானிய அணியில் இடம்பெற்றனர். ஒரு நாட்டிலே மூன்றாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர் அந்நாட்டுக்காக ஆடலாமென விதி அன்று இடங்கொடுத்தது. எல்லோர் மனமும் இடங்கொடுத்ததா? இது யப்பானிய அணிதானா என்ற கேள்வி எழுந்தது. ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2000இல் ஹிராவோ பதவி துறந்தார்.

2019இல் தன் சொந்த மண்ணில் நடந்த உலகக் கிண்ணத்தில், அயர்லாந்தையும் ஸ்கொட்லாந்தையும் வென்று யப்பான் முதன்முறையாகக் காலிறுதி கண்டது. அவ்வணியைப் பயிற்றியவர் அதே ஜேமி ஜோசப்! தலைவர், நியூசிலாந்திற் பிறந்த மைக்கல் லீச். அக்காட்சியைக் காண ஹிராவோ இல்லை. 2016இல், தமது 53ஆம் வயதிற் காலமாகிவிட்டார். அவ்வெற்றி முழுவதும் அவருக்கே உரியதென்று நான் வாதிடேன். ஆயினும், அவர் அகலத் திறந்துவைத்த கதவின் வழியாகவே அது வந்தது என்பது என் துணிபு.

கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மாம்புரியிலிருந்து இதனை எழுதும் எனக்கு, றக்பியிலும் அக்கதவே பெரிதாகத் தோன்றுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் எங்கள் புத்தளம் மாவட்டத்திலேதான் தஞ்சம் புகுந்தனர். போர் முடிந்தபின் சிலர் திரும்பினர்; பலர் இங்கேயே வேரூன்றினர். அவர்தம் பிள்ளைகள் இங்கே பிறந்து, எங்கள் தென்னைகளின் நிழலிலே வளர்ந்தவர்கள். இருந்தும், மாலை வேளையில் மணலிலே உதைபந்தாட்டத்துக்கு அணி பிரிக்கும்போது, ‘அகதிப் பிள்ளை’ என்ற சொல் இன்னும் என் செவியில் விழுகிறது. சொல்லும் சிறுவனிடம் பகை இல்லை. பெரியோர் வாயிலிருந்து அவன் கற்ற சொல் அது.

மூன்றாண்டுகள் வாழ்ந்தவனைத் தன்னவன் என ஒரு தேசம் ஏற்றது. முப்பதாண்டுகள் கடந்த பின்னும், இங்கே பிறந்தவனிடம் “உன் ஊர் எது?” என நாம் வினவுவது நீதியாகுமா? ஆடி ஓய்ந்து, இன்று எங்கள் சிறுவரைப் பயிற்றும் அண்ணன்மார் இதற்கு விடை கூறட்டும். அடுத்த ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியலிலேயே அவ்விடையை எழுதிவிடலாம்.