வீட்டு வழிபாட்டுக்கு அனுமதிச் சீட்டா?

ஒருவன் தன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அயலவர் பத்துப் பேரை அழைத்து, தான் நம்பும் கடவுளைத் தொழுவதற்கு எந்தக் கந்தோரில் அனுமதி பெறவேண்டும்? இக்கேள்வி கிறித்தவரை மட்டும் பொறுத்ததென எண்ணிச் சைவப் பெருமக்கள் வாளாவிருத்தல் தகாது. தமிழ் பேசும் மக்கள் அனைவரினதும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது.

வீடுகளிற் கூடும் செபக்கூட்டங்கள் புதுமையானவை என்று கூறுவோர் கிறித்தவ வரலாற்றை அறியாதோரே. கிறித்து மார்க்கத்தின் முதல் நூற்றாண்டுகளில் அம்மார்க்கத்தாருக்குக் கோயிற் கட்டடங்கள் இருக்கவில்லை. வீடுகளே கோயில்களாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் யோன் வெஸ்லி தம் அடியாரைப் பன்னிருவர் அளவிலான வகுப்புகளாகப் பிரித்து, வாரந்தோறும் கூடச் செய்தார். அவர் வழிவந்த மெதடிஸ்த மிசனரிமார் 1814 இல் இலங்கை வந்தனர். இன்று எம் ஊர்களில் மாலை வேளையில் ஒரு வீட்டிற் கூடி, இரண்டு பாட்டுப் பாடி, வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து, நோயாளிக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைக்காகவும் செபித்து, தேநீர் அருந்திக் கலையும் சிறு குழுக்கள் அப்பழைய மரபின் தொடர்ச்சியே.

இவற்றுக்கு இடையூறாக வந்தது 2008 ஒக்டோபரில் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு விடுத்த சுற்றறிக்கை. புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்பதே அதன் சாரம். கட்டடத்தைப் பற்றிய அக்கடிதத்தைக் காட்டி, எந்தக் கட்டடமும் எழுப்பாமல் வீட்டு மண்டபத்திற் கூடியவர்களையும் நிறுத்துமாறு பொலிசாரும் உள்ளூர் அதிகாரிகளும் பணித்த சம்பவங்கள் பல. தென்னிலங்கையில் தொடங்கிய இவ்வழக்கம் வடக்கு கிழக்கிலும் தலைகாட்டியுள்ளது. இங்கே சில இடங்களில் எம்மவரே முறைப்பாட்டுக்காரராய் நிற்பது வேதனைக்குரியது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரத்தை ஆள் ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 14 ஆம் உறுப்புரை, தனித்தோ பிறரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ தன் மதத்தை அனுட்டிக்கும் உரிமையைப் பிரசைக்கு வழங்குகிறது. பிறரோடு சேர்ந்து அந்தரங்கமாக வழிபடுதல் என்பது வீட்டுச் செபக்கூட்டமன்றி வேறென்ன? இவ்வுரிமையைச் சட்டத்தினால் மட்டுமே மட்டுப்படுத்தலாம். அமைச்சின் செயலாளர் ஒப்பமிட்ட கடிதம் பாராளுமன்றம் இயற்றிய சட்டமாகாது.

மதத்தைப் பரப்பும் உரிமை வேறு, வழிபடும் உரிமை வேறு என்று வாதிப்போர் உளர். பரப்பும் உரிமையை அரசியலமைப்புக் காப்பதில்லை என்று 2003 இல் உயர் நீதிமன்றம் கருதியது உண்மை. அதே விடயத்தில், இலங்கை உடன்பட்ட சர்வதேசப் பொருத்தனை மீறப்பட்டதென 2005 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு முடிவு கூறியது. அவ்வாதம் எவ்வாறு முடியினும், வீட்டில் வழிபடும் உரிமை அதனாற் சிறிதும் குறையாது.

எம் வரலாற்றைச் சற்றே எண்ணிப்பார்ப்போம். பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில், விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சிக் கூரையிற் செருகி மறைத்தனர் எம் முன்னோர் என்று வழிவழியாகக் கேட்டு வருகிறோம். அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கரையும் ஒடுக்கினர். 1687 இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகள் சில்லாலையைத் தளமாகக் கொண்டு, வீடுகளில் இரகசியமாகப் பூசை செய்தார். பின்னர் கண்டி சென்ற அவரை உளவாளியென ஐயுற்று முதலிற் சிறையிட்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், உண்மை உணர்ந்தபின் அவர் சமயப் பணி செய்யத் தடையின்றி இடமளித்தான். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது நாட்டின் ஆட்சியாளரும் வீற்றிருந்து மகிழ்ந்தனர். வீட்டு வழிபாட்டினாற் சபையைக் காத்த ஒருவரைப் போற்றும் அரசு, வீட்டு வழிபாட்டைத் தடைசெய்வது எவ்வகை நியாயம்?

இனி, சைவ மக்களின் மனக்குறையையும் மறைக்காமற் பேசுவோம். போரினால் நலிந்த குடும்பங்களை உதவியைக் காட்டி மதம் மாற்றுகின்றனர் என்பது அக்குறை. அது உண்மையாயுள்ள இடத்தில் கண்டிக்கத்தக்கதே. ஆயினும் அதற்கு மருந்து எது? நாவலர் பெருமான் காட்டிய வழி எம் கண்முன் உள்ளது. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவரே, 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கத்துக்குப் பிரசங்கம், பள்ளிக்குப் பள்ளி, அச்சுக்கு அச்சு என்பதே அவர் மார்க்கம். கணவனை இழந்து தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் வீட்டுப் படலையை முதலில் திறந்து சுகம் விசாரித்தவர் செபக் குழுவினர் என்றால், கோயில் தர்மகர்த்தாக்கள் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுமுன் அவ்வீட்டுக்கன்றோ செல்லவேண்டும்? திருவிழா வாணவேடிக்கைக்குக் கரியாகும் பணத்தில் ஒரு பங்கு அவ்வீட்டு அடுப்புக்குப் போகட்டும்.

வீட்டுக் குழுக்களை நடத்துவோர்க்கும் ஒரு வார்த்தை. அரிசியும் செபமும் ஒரே கையால் நீட்டப்படுதல் கூடாது. பெற்றோர் அறியாமற் பிள்ளைகளை அழைத்தல், அயலவரின் தெய்வங்களை இகழ்தல், நள்ளிரவில் ஒலிபெருக்கி வைத்தல் ஆகியவை உரிமையின் பாற்பட்டன ஆகா. அயலவரின் உறக்கத்தையும் உணர்வையும் மதிப்பது நீங்கள் போதிக்கும் அன்பிலும் அடங்கியதே. தவறு செய்வோரைத் தண்டிக்கப் பொதுச் சட்டம் போதும். தவறு செய்யாதவரின் கதவை மூட எச்சட்டமும் இல்லை.

தமிழரசுக் கட்சியை 1949 இல் நிறுவிய செல்வநாயகம் கிறித்தவர். காங்கேசன்துறைச் சைவ வாக்காளரே அவரைப் பலமுறை பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். சமயத்தால் பிரியாத சமுதாயமாக நின்றமையே எமக்கு வலிமையாயிருந்தது. 2024 மார்ச் 8, சிவராத்திரி நாளில், வெடுக்குநாறி மலையில் வழிபாட்டிலிருந்த எண்மரைப் பொலிசார் கைதுசெய்தனர். பதினொரு நாட்களின் பின்னரே வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வழிபாட்டைக் கலைக்கும் அதிகாரத்தை அயலவன்மீது ஏவிவிட்டு, அதே அதிகாரம் எம் மலைக்கு வரும்போது உரிமை பேசினால் எவர் செவிசாய்ப்பார்?

ஆகவே, 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டு வழிபாட்டைத் தடுக்கும் வழக்கம் ஒழிக்கப்படவேண்டும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சமய வேறுபாடின்றி இக்கோரிக்கையை எழுப்புவார்களாக. எம் சட்டத்தரணிகள் பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்காக நீதிமன்றத்திற் தோன்றுவார்களாக. சைவராகிய கமக்காரர் தம் வேலிக்கு அப்பால் எழும் செபப் பாட்டைக் கேட்டு முறைப்பாட்டுத் தாள் தேடாதிருப்பார்களாக. அந்த வீட்டின் உரிமை நிலைத்தால்தான் எங்கள் கோயில் விளக்கும் அணையாது எரியும்.