நாலு பேர் சொன்னால் சரியாகிவிடுமா?

"நாடு ஓடினால் நடுவே ஓடு" என்று ஒரு பழமொழி உண்டு. வெள்ளம் வரும்போதும், தீப்பிடிக்கும்போதும் அது நல்ல யோசனைதான். எல்லாரும் ஓடும்போது காரணம் கேட்டுக்கொண்டு நிற்பது ஆபத்து. ஆனால், ஊரே தவறான வழியில் ஓடினால் என்ன செய்வது? அப்போதும் நடுவே ஓடலாமா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு மனோதத்துவப் பேராசிரியர் ஆராய்ந்தார். அவர் பெயர் சாலமன் ஆஷ். போலந்து நாட்டில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்.

மூன்று கோடுகள்

சோதனை மிக எளிது. ஓர் அட்டையில் ஒரு கோடு இருக்கும். மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள் இருக்கும். மூன்றில் எது முதல் கோட்டின் அளவு? அதைச் சொன்னால் போதும். தனியாக உட்கார்ந்து பதில் எழுதியவர்கள் நூற்றுக்கு ஒரு தவறுகூடச் செய்யவில்லை.

பிறகு ஏழெட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைத்தார். அவர்களில் ஒருவர்தான் விவரம் தெரியாதவர். மற்றவர்கள் எல்லாரும் பேராசிரியரின் ஆட்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே தவறான பதிலை உரக்கச் சொன்னார்கள். கடைசியில் அந்த ஒருவரின் முறை வந்தது. கண் ஒன்று சொல்கிறது. காது வேறொன்று கேட்கிறது. அவர் எதை நம்புவார்?

123 மாணவர்களிடம் இப்படிச் சோதித்தார்கள். ஏறக்குறைய நாலு பேரில் மூன்று பேர், ஒரு தடவையாவது கூட்டத்தின் தவறான பதிலையே தாமும் சொன்னார்கள்! "என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன்" என்று சிலர் பிறகு சொன்னார்கள். "அது தவறு என்று தெரியும். ஆனால், தனித்து நிற்கக் கூச்சமாக இருந்தது" என்றார்கள் வேறு சிலர்.

பேராசிரியர் ஒரு சிறு மாறுதல் செய்தார். கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் சரியான பதிலைச் சொல்லச் செய்தார். உடனே தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. ஒரே ஒரு துணை! அது போதுமானதாக இருந்தது.

"தொடருங்கள்!"

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் வேறொரு சோதனையைத் தொடங்கினார். பத்திரிகையில் விளம்பரம் செய்து சாதாரண மனிதர்களை வரவழைத்தார். பக்கத்து அறையில் ஒருவர் பாடம் படிக்கிறார். அவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்சார விசையை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் கூடிக்கொண்டே போகும். கடைசி விசை 450 வோல்ட்.

உண்மையில் மின்சாரமே இல்லை. படித்தவர் சொல்லிவைத்தபடி நடித்தார். விசையை அழுத்தியவருக்கு இது தெரியாது. 300 வோல்ட் வந்ததும் பக்கத்து அறையில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்கும். மறுபடியும் ஒரு முறை கேட்கும். பிறகு சத்தமே இல்லை. விசையை அழுத்துகிறவர் தயங்கினால், மேலங்கி அணிந்த அதிகாரி "தொடருங்கள்" என்பார்.

40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பலருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஆனாலும் அழுத்தினார்கள். சிலர் இது நாடகம் என்று அப்போதே சந்தேகப்பட்டதாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆட்களை இப்படிக் கலங்க வைக்கும் சோதனைக்கு இன்று அனுமதி கிடைக்காது.

இங்கேயும் ஒரு மாறுதல் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர், "இனி முடியாது" என்று எழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தார்கள். அதைப் பார்த்ததும் 40 பேரில் 36 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கடைசி வரை போனவர்கள் 4 பேர்தான்.

உறுதி வேண்டும்

சிறுபான்மையினர் பெரும்பான்மையை அசைக்க முடியுமா? 1969-ல் பாரிஸ் நகர அறிஞர் செர்ஜ் மாஸ்கோவிசி இதைச் சோதித்தார். நீல நிறப் படங்களை ஆறு பேருக்குக் காட்டினார். அவர்களில் இரண்டு பேர், சொல்லிவைத்தபடி, ஒவ்வொரு தடவையும் "பச்சை" என்றார்கள். மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு தடவையாவது "பச்சை" என்றார். அந்த இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னபோது, அவர்கள் பேச்சு எடுபடவே இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த இருவர் சொன்னது பொய்! உறுதியாகச் சொல்வதாலேயே ஒரு பேச்சு உண்மையாகிவிடாது. முதலில் நம் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் உறுதி.

வீட்டில் என்ன செய்வது?

கீழ்ப்படிதல் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கத்தான் வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால், "ஏன்?" என்று கேட்ட பிள்ளையை "வாயை மூடு" என்று அடக்கியே வளர்த்தால், நாளைக்கு யார் "தொடருங்கள்" என்றாலும் அவன் தொடர்ந்துகொண்டேதான் இருப்பான். காரணம் சொல்லிக் கீழ்ப்படியச் செய்யுங்கள். அப்போது, காரணம் இல்லாத கட்டளை வந்தால் அவனுக்கு அடையாளம் தெரியும்.

வீட்டில் பத்துப் பேர் கூடி, "பெண்ணின் படிப்பு போதும், நிறுத்திவிடலாம்" என்று முடிவு செய்கிறார்கள். கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அது தவறு என்று தெரிகிறது. அவர் பேசாமல் இருந்தால் அந்தப் பெண் தனியாள். அவர் வாய் திறந்து, "அவள் படிக்கட்டும்" என்றால் அவளுக்கு ஒரு துணை. இன்னும் இரண்டு பேர் அதே எண்ணத்தோடு மௌனமாக இருக்கவும் கூடும். அவர்களுக்கும் பேச்சு வரும்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நாம் எல்லாரும் அஞ்சுகிறோம். அந்த நாலு பேரில் நாமும் ஒருவர் என்பதை மறந்துவிடுகிறோம். சண்டை வேண்டாம், கோபம் வேண்டாம். தவறு என்று தெரிந்தால், மரியாதையாக, ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்கக் காத்திருப்பவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம்.