மருந்துச் சீட்டில் அடங்காதது

புனேயின் சதாசிவ் பேட் பகுதியில் சுவருக்குச் சுவர் பயிற்சி வகுப்பு விளம்பரங்கள். ஓர் அறையில் நான்கு கட்டில்கள், மாதக் கணக்கில் மெஸ் சாப்பாடு, நாற்காலிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் 'அப்யாசிகா' என்கிற படிப்பறைகள். மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே தங்கி, மாநில அரசுப் பணித் தேர்வான எம்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று வந்தவர்கள் ஐந்தாவது வருடமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சகஜம். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் "வேலை என்ன ஆயிற்று?" என்று கேட்பார்களே என்பதற்காகப் போவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

2021 ஜூன் கடைசியில், இதே தேர்வை எழுதிய 24 வயது இளைஞர் ஒருவர் புனேயில் தற்கொலை செய்துகொண்டார். அவர் தேர்வில் தோற்றவர் அல்ல. முதல்நிலைத் தேர்விலும் முதன்மைத் தேர்விலும் தேறியவர். நேர்முகத் தேர்வுக்கான அழைப்புதான் வரவில்லை. கொரோனா ஒரு பக்கம், இட ஒதுக்கீட்டு வழக்கு மறு பக்கம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவர் இறந்த பிறகு சட்டசபையில் அமளி நடந்தது. காலியிடங்களைச் சீக்கிரம் நிரப்புவதாக அரசு உறுதி அளித்தது.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று மனநல மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். சரிதான். ஆனால் காரணங்கள் எல்லாம் மண்டைக்குள்தான் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தமில்லை. இப்படிக் காத்திருக்கும் ஒருவர் டாக்டரிடம் போனால் தூக்கத்துக்கு மாத்திரை கிடைக்கும். நேர்முகத் தேர்வுக்குத் தேதி கிடைக்காது. மாத்திரை வேண்டாம் என்பதல்ல வாதம். பல நோய்களுக்கு அது அவசியம், பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் கடன், வாடகை, சாதி, தனிமை, தெரியாத மொழி, முடிவில்லாத காத்திருப்பு ஆகியவற்றை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு: 1,764. இரண்டாமிடம் தமிழ்நாட்டுக்கு: 1,416. படிப்பில் முன்னேறிய மாநிலங்கள் என்று பெயரெடுத்தவை இவை.

இதே தமிழ்நாட்டில்தான் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுத மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். ஒரு வருடமும் போச்சு, அக்கம்பக்கத்தில் மானமும் போச்சு. தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதை மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே உடனடித் தேர்வு என்ற ஏற்பாடு வந்தது. அதன் பிறகு தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் குறைந்தன என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். இதற்கு ஒரு மாத்திரைகூடச் செலவாகவில்லை. தேர்வுத் துறையின் ஓர் உத்தரவு மனநல சிகிச்சையின் வேலையைச் செய்தது. ஆனாலும் 2022இல் தமிழ்நாடு இரண்டாமிடத்தில் இருந்தது என்றால், ஓர் உத்தரவு போதாது என்றுதான் பொருள்.

மாணவர்களின் கதை இப்படி என்றால் நோயாளிகளின் கதையும் அதிகம் வேறுபட்டதல்ல. எரவாடா என்றதும் நமக்குச் சிறைதான் ஞாபகம் வரும். 2,540 படுக்கைகளுக்கு அனுமதி பெற்ற அரசு மனநல மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. இத்தகைய பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும், நோய் தணிந்த பிறகும் அழைத்துப்போக ஆள் வராததால் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் உண்டு. நோயை டாக்டர் கவனித்துவிட்டார்; வீட்டுக் கதவை அவரால் திறக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியபோதும், அவர்களைக் கைவிட்டது மருத்துவம் மட்டுமல்ல.

குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல விடுதியில் வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சமூகத்தில் வாழ்வது அவருடைய உரிமை. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டத்தை வரைவதில் பங்காற்றிய டாக்டர் சௌமித்ர பதாரேயின் மையம் இயங்குவதும் புனேயில்தான்.

மனநல விடுதிகளில் அவதிப்பட்ட தாயைப் பார்த்து வளர்ந்த பார்கவி தாவர், 1999இல் இதே நகரில் பாபு டிரஸ்ட்டைத் தொடங்கினார். அவர் 2024இல் மறைந்தார். மருத்துவமனைக்கு வாருங்கள் என்று காத்திருக்காமல் குடிசைப் பகுதிகளுக்குப் போய், மனத்தோடு சேர்த்துச் சாப்பாட்டையும் வேலையையும் வீட்டுச் சண்டையையும் விசாரிப்பது அந்த அமைப்பின் வழி.

பாலி மொழி படிக்கப் புனேக்குத் தாய்லாந்திலிருந்து மாணவர்கள் வருவதுண்டு. அவர்கள் நாட்டில் இந்த விசாரிப்பு அரசாங்க ஏற்பாடாகவே இருக்கிறது. அங்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராம சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வைக் கண்டறிய அங்கே முதலில் கேட்கப்படுபவை இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் சோகமாக, நம்பிக்கையற்று இருந்தீர்களா? எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தீர்களா? கேட்பதற்கு எம்.டி. பட்டம் வேண்டாம். பதிலைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும், அடுத்து யாரிடம் அனுப்புவது என்ற தகவலும் போதும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்றும் சொன்னது. முதல் உத்தரவு சுலபம். ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு பெயர்ப்பலகை. இரண்டாவதுதான் கஷ்டம். அதற்கு நிறுவனம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். எனவே முதலாவதோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள்.

தேர்வு அட்டவணையை அறிவித்தபடி நடத்துவது அரசின் வேலை. குணமாகி வந்தவருக்கு வேலையும் வாடகை வீடும் மறுக்காமலிருப்பது அக்கம்பக்கத்தின் வேலை. பிள்ளையைப் புனேக்கோ கோட்டாவுக்கோ அனுப்பியிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை போனில் பேசும்போது மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் தூங்கினாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கலாம். தோற்றாலும் வீட்டுக்கு வரலாம் என்பதை வாய்விட்டே சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது தானாகத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

(மனம் தளர்ந்த நேரத்தில் பேச: மத்திய அரசின் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104.)