அலைக்கற்றை: ஏலத் தொகை முக்கியமா, எல்லோருக்கும் சிக்னல் முக்கியமா?

“ஹலோ... கேக்குதா? இருங்க, வெளிய வந்து பேசறேன்.” மலையோரக் கிராமங்களில் மட்டுமல்ல, நகரத்து அடுக்குமாடிகளின் உள்ளறைகளிலும் இன்றைக்கும் கேட்கும் வசனம் இது. 2020 ஊரடங்கின்போது, ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் பாறை மீதும் மரக்கிளையிலும் ஏறி உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தொலைதூர ஊர்களுக்கும் சுவர் தாண்டியும் போய்ச் சேரக்கூடிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை, அதே நேரத்தில் நாடு முழுக்க விற்காமல் கிடந்தது. வாங்க ஆள் இல்லை. காரணம், விலை. அலைக்கற்றையைத் திட்டமிடுவது என்றால் என்ன, அதில் இந்தியா எங்கே சறுக்கியது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கதை போதும்.

எல்லா அலையும் ஒன்றா?

போனும் டவரும் பேசிக்கொள்வது ரேடியோ அலைகள் மூலம். ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் ஒன்றோடொன்று மோதும். அதனால்தான் ‘இந்த அலைகள் இவருக்கு’ என்று பாத்தி கட்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரித்த பாத்திதான் அலைக்கற்றை.

ஆனால் பாத்திகள் ஒரே ரகம் அல்ல. ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டினால், பக்கத்து ஊருக்குக் கேட்பது ‘டம் டம்’ என்ற கனத்த சத்தம்தான். பாட்டின் கீச்சுக் குரல் பாதி வழியிலேயே கரைந்துவிடும். ரேடியோ அலைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அவற்றில் இடம் குறைவு. 3300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகளில் இடம் தாராளம், வேகம் அதிகம். ஆனால் தூரம் போகாது. ஆகவே கூட்டம் நெருக்கும் நகரத்துக்கு உயர்ந்த அலை, பரந்து கிடக்கும் கிராமத்துக்குத் தாழ்ந்த அலை. குறைந்த டவர்களில் நிறைய ஊர்களை எட்ட வேண்டுமென்றால் தாழ்ந்த அலைதான் சிக்கனமான வழி.

பிரிப்பது யார்?

உலக அளவில் எந்த அலை எதற்கு என்பதை ஐ.நா.வின் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் கூட்டும் மாநாடுகள் தீர்மானிக்கின்றன. கடைசியாக 2023 இறுதியில் துபாயில் இந்த மாநாடு நடந்தது. நாட்டுக்குள், தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு 1952 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ராணுவம், விண்வெளித் துறை, ரயில்வே, ஒளிபரப்பு என்று பந்தியில் பலர் இருக்கிறார்கள். கேபிள் டிவிக்காரர்களின் பெரிய டிஷ் பிடிக்கும் செயற்கைக்கோள் அலைகள்கூட 5ஜி அலைகளுக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கின்றன.

பந்தியில் இடம் குறுகும் வேகத்தில் பசி கூடுகிறது. 2014இல் ஒரு இந்திய வாடிக்கையாளர் மாதத்துக்குச் சராசரியாக 1 ஜிபிகூடப் பயன்படுத்தவில்லை. பத்தே ஆண்டுகளில் அது 20 ஜிபியைத் தாண்டிவிட்டது. புதிதாக அலைகளை உற்பத்தி செய்ய முடியாது. இருப்பதை ஒழுங்காகப் பிரிப்பதுதான் ஒரே வழி.

அடிமாட்டு விலையும் ஆனை விலையும்

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. அந்தச் சொத்தை 2001ஆம் ஆண்டு விலைக்கே 2008இல் கொடுத்ததுதான் 2ஜி விவகாரம். அரசுக்கு ரூ.1.76 லட்சம் கோடி வரை உத்தேச இழப்பு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010இல் கணக்கிட்டார். 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்ற வழக்கில், 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்தது.

வழக்கின் போக்கு எப்படியானாலும், டெல்லி அதிகாரிகள் மனதில் ஒரு பயம் தங்கிவிட்டது. ‘குறைத்து விற்றால் வம்பு. கூடுதல் விலை வைத்து விற்காமலே போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.’ அடிமாட்டு விலையிலிருந்து ஆனை விலைக்குத் தாவினார்கள்.

2016 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்த ஆரம்ப விலை, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் ரூ.11,485 கோடி. இது 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் விலையைப் போல் நான்கு மடங்கு. குறைந்தபட்சமாக 5 மெகாஹெர்ட்ஸ் எடுக்கவே ரூ.57,000 கோடிக்கு மேல் வேண்டும். ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. 2021 மார்ச்சில் விலையை ரூ.6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் யாரும் வரவில்லை. 2022இல் ரூ.3,927 கோடிக்கு இறங்கியது. ரிலையன்ஸ் ஜியோ 22 வட்டங்களிலும் தலா 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. அதாவது, முதலில் சொன்ன விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு, ஆறு ஆண்டு கழித்து.

700இல் இயங்கும் போன்கள் 2016இல் குறைவாக இருந்தன என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ‘விலை ஜாஸ்தி’ என்பது கம்பெனிகளின் வழக்கமான பாட்டு என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆறு ஆண்டு வீணானது என்ற கணக்கு மாறாது. அலைக்கற்றை லாக்கரில் வைத்த தங்கம் அல்ல, வைத்திருந்து பிறகு விற்றால் லாபம் என்று சொல்ல. அது பஸ் சீட்டு மாதிரி. இன்றைக்குக் காலியாகப் போன சீட்டை நாளைக்கு விற்க முடியாது.

கடைசியில் பணம் கொடுப்பது யார்?

அதிக விலை வைத்தால் கஜானா நிரம்பும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகிவிட்டது. தவணையில் வாங்கிய அலைக்கற்றைக்குப் பணம் கட்ட முடியாமல் திணறிய வோடஃபோன் ஐடியாவின் பாக்கியில், 2023இல் ரூ.16,133 கோடியையும் 2025இல் ரூ.36,950 கோடியையும் மத்திய அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. இன்று அந்த நிறுவனத்தில் சரிபாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அரசுடையது. ரொக்கமாக வர வேண்டிய பணம், நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் பங்காக வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கம், சிக்னலே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க ரூ.26,316 கோடித் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்து, பொறுப்பை பிஎஸ்என்எல்லிடம் ஒப்படைத்தது அரசு. ஏலத்தில் ஒரு கையால் வாங்கும் பணத்தை, சந்தை எட்டாத ஊர்களுக்காக மறு கையால் செலவழிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கடன் சுமையும் போட்டியும் சேர்ந்து நெருக்கியதில் கம்பெனிகளும் குறைந்தன. ஒரு காலத்தில் பத்துக்கு மேல் இருந்த நிறுவனங்களில் இன்று மிஞ்சியிருப்பவை தனியாரில் மூன்று, அரசின் பிஎஸ்என்எல் ஒன்று. 2018இல் ஏர்செல் நின்றுபோனபோது, நம்பரைக் காப்பாற்றத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வேறு வழி உண்டா?

உண்டு. பிரேசில் 2021இல் நடத்திய 5ஜி ஏலத்தில் தொகையின் பெரும்பகுதியைக் கஜானாவுக்குக் கேட்கவில்லை. இணைப்பில்லாத ஊர்கள், நெடுஞ்சாலைகள், அரசுப் பள்ளிகளுக்கு இணைப்புக் கொடுக்கும் கடமையாக மாற்றியது. ஜெர்மனி 2025இல் சில அலைகளுக்கு ஏலமே நடத்தாமல் உரிமத்தை ஐந்து ஆண்டு நீட்டித்தது. பதிலுக்கு, 2030 முதல் நாட்டின் 99.5 சதவீதப் பரப்பில் குறிப்பிட்ட வேகம் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

இந்தியாவிலும் சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2021 சீர்திருத்தத்தில் உரிமக் காலம் 20இல் இருந்து 30 ஆண்டுகளானது. 10 ஆண்டுக்குப் பிறகு அலைக்கற்றையைத் திருப்பிக் கொடுக்கவும் வழி பிறந்தது. தக்க காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ள 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இடம் தருகிறது. அதை நடைமுறையில் காட்டுவதுதான் பாக்கி.

அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, ஆரம்ப விலையை நிர்ணயிக்கும்போது ‘எவ்வளவு கிடைக்கும்’ என்பதோடு ‘விற்காமல் போனால் எத்தனை ஊர் இழக்கும்’ என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, விலைச் சலுகை வேண்டுமென்றால் ஊர்ப் பெயர் போட்டுக் கடமையும் ஏற்க வேண்டும். ‘வட்டத்தில் இத்தனை சதவீதம்’ என்று பொதுவாகச் சொன்னால், ஆள் நெருக்கமான ஊர்களோடு அது முடிந்துவிடும். மூன்றாவது, எந்த அலை எந்த வட்டாரத்தில் ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொதுச் சொத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை அதன் சொந்தக்காரர்களுக்கு உண்டு.

அலைக்கற்றை இருந்தாலே சிக்னல் வந்துவிடாது. டவர், மின்சாரம், ஃபைபர் எல்லாம் வேண்டும். ஆனால் அலையே பூட்டிக் கிடந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. 2ஜி கற்றுக்கொடுத்த பாடம், பொதுச் சொத்தை மலிவாகக் கொடுக்காதே என்பது. 700 மெகாஹெர்ட்ஸ் கற்றுக்கொடுத்த பாடம், அதைப் பூட்டியும் வைக்காதே என்பது. அடுத்த ஏலத்துக்கு விலை எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தால், பாறை மீது ஏறிய பிள்ளைகள் கீழே இறங்கி வீட்டுக்குள் உட்கார்ந்தே படிக்கலாம்.